நீலம் எழுதினேன், சிவப்பு வந்தது

ஆடி எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அமாவாசை. பட்டறைக்கு விடுமுறை. என் நாட்குறிப்பில் இந்த மூன்று செய்திகளுக்கும் கீழே, "பம்பு ஷாப்ட் ஒன்று வந்தது. முப்பத்தைந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்து நாலே கால்" என்று எழுதியிருக்கிறேன். அதைத் தலையில் சுமந்து வந்தவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆளை விட்டுவிட்டு இரும்பை மட்டும் எழுதுகிற மனுஷன் என்று என் மச்சான் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிடுகிறேன். ஆண்டையும் விடுகிறேன், அதைச் சொன்னால் கோபித்துக்கொள்ள இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். கர்ணங்களின், அதாவது கிராமக் கணக்குப்பிள்ளைகளின், பதவி போவதற்கு முந்தைய ஆண்டு என்பது போதும். கிழமைகளை மட்டும் என்னால் விட முடியாது.

பட்டறை நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு கடைத்தெருவில் இருந்தது. இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத்து என் பொறுப்பு. வெல்டிங் மச்சான் பொறுப்பு. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கட்டடமும் அவருடையது, கட்டடத்தின் முன்னால் பறந்த கொடியும் அவருடையது. கறுப்பும் சிவப்பும் கலந்த கொடி. கட்சி இரண்டாகப் பிரிந்தபோது இரண்டு பக்கமும் கறுப்பு சிவப்பையே வைத்துக்கொண்டதால் துணியை மாற்றுகிற செலவு இல்லாமல் போயிற்று என்று நான் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. எனக்குக் கொடி கிடையாது. நூலகத்து அட்டை உண்டு. பஞ்சாங்கம், ரயில் கால அட்டவணை, மருந்துக் குப்பியோடு வரும் துண்டுத்தாள், எது கையில் கிடைத்தாலும் கடைசி வரி வரை படித்துவிடுவேன் என்று பெயர். அந்தப் பெயருக்கு இந்தக் கதையில் சிறிது சேதம் உண்டு.

அமாவாசையன்று மச்சான் வீட்டு வழக்கப்படி உலை மூட்டுவதில்லை, மிஷினைத் தொடுவதில்லை. ஆனாலும் பட்டறையைத் திறந்து வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். அப்போதுதான் அந்த அம்மாள் சாக்கில் சுற்றிய ஷாப்டோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கிழக்கே கடைமடைப் பக்கத்து ஊர். பரம்பரையாகக் கூலி வேலை பார்த்த தெருவிலிருந்து ஐந்து குடும்பங்களுக்கு உச்சவரம்பு நிலம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். குடும்பத்துக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். ஐந்து குடும்பத்துக்கும் சேர்த்து பழைய டீசல் என்ஜினும் பம்பும் ஒன்று. அந்த ஐவரின் சார்பில் எங்கேயும் போய்ப் பேசுகிறவர் இவர்.

"இன்னிக்கு அமாவாசைம்மா. மிஷினத் தொடமாட்டோம்" என்றார் மச்சான்.

"தொட வேணாண்ணே. இங்க வச்சிட்டுப் போறேன். ராத்திரி பூரா அது உங்களப் பாத்துக்கிட்டே இருக்கும்ல, நாளைக்கு நீங்களே தொட்டுருவீங்க."

மச்சான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு உள்ளே இருந்து நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அந்த அம்மாளுக்கு அவருடைய ஊரில் நாற்காலி போடுகிறவர்கள் அப்போது குறைவு. அம்மாள் அதைக் கவனித்துவிட்டு, உட்கார்ந்து விஷயத்துக்கு வந்தார்.

விஷயம் இதுதான். நிலத்தின் பழைய மிராசுதார் வழக்குப் போட்டதில் சென்ற பசலி, அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டு, முழுவதும் தடையிலேயே போய்விட்டது. கர்ணம் அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் புத்தகத்தில், "தரிசு" என்று எழுதிவிட்டார். பட்டா கொடுக்கும்போதே நிபந்தனை இருந்தது: வாங்கியவர்கள் தாங்களே பயிர் செய்ய வேண்டும். இந்தப் பசலியிலும் "தரிசு" என்று விழுந்தால், இவர்களுக்கு விவசாயம் செய்ய முடியவில்லை, பட்டாவை ரத்து செய்யுங்கள் என்று கொடுக்க மிராசுதார் வீட்டில் மனு எழுதித் தயாராக இருந்தது. வருவாய் ஆய்வாளர், ஊரில் சொல்வதுபோல ஆர்.ஐ., கர்ணத்தோடு பயிர் பார்க்க வருவது ஆடி பதினேழு, வியாழக்கிழமை. மறுநாள் பதினெட்டாம் பெருக்கு என்பதால் அதற்கு முன் முடித்துவிட நினைத்தார்கள். வாய்க்கால் தண்ணீர் கடைமடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. நாற்றங்காலில் நாற்று இருபத்தைந்து நாள் வளர்ந்து நின்றது. பம்பில் பேரிங் இறுகி ஷாப்டைத் தின்றுவிட்டது. புது ஷாப்டுக்கு எழுதிப் போட்டால் பதினைந்து நாள் என்றார்களாம்.

"திங்கக்கிழமை காலைல தண்ணி பாய்ஞ்சாத்தான் சேறடிச்சு புதன்கிழமை நடமுடியும். அதுக்கு மேல ஒரு நாள் போச்சுன்னா வயக்காட்டுல ஆர்.ஐ. பாக்கறதுக்கு நாங்க அஞ்சு பேருதான் நட்டமா நிப்போம்."

நான் நாட்குறிப்பை எடுத்து ஞாயிறு பதின்மூன்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். அதற்குள் ஷாப்ட் முடிய வேண்டும். என்ன எழுதினீங்க என்று அந்த அம்மாள் கேட்டார். சொன்னேன். "தேதிய வளைச்சுட்டீங்க. இரும்ப வளைக்காம இருந்தாச் சரி" என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் தேதிக்காரர்.

புதன்கிழமை மச்சான் தேய்ந்த இரண்டு இடங்களிலும் சுற்றிச் சுற்றி வெல்டிங் ஏற்றினார். ஏற்றியதை லேத்தில் போட்டு அளவுக்குக் கடைய வேண்டும். கேட்கச் சுலபம். வெல்டிங் ஏற்றிய இரும்பின் மேல்தோல் மேடும் பள்ளமுமாக, நடுநடுவே கண்ணாடிபோல இறுகி நிற்கும். இரும்பைச் சீவ எங்களிடம் வழக்கமாக இருந்த ஸ்டீல் டூல் இரண்டு சுற்றுக்குள் மூக்கு மழுங்கிப் போயிற்று. தீட்டினேன், மழுங்கியது. தீட்டினேன், மழுங்கியது. அன்று மட்டும் ஒன்பது முறை என்று குறிப்பு சொல்கிறது. பிறகு கார்பைடு முனை பற்றவைத்த பழைய டூல் ஒன்றை எடுத்தோம். கார்பைடு எஃகைவிட எவ்வளவோ கடினம், ஆனால் அதற்குக் கோபம் அதிகம். கல்லில் தீட்டும்போது சூடாகிவிட்டது. மச்சான் ஐந்து தலைமுறைக் கொல்லர் பழக்கத்தில் அதை வாங்கிப் பக்கத்து வாளித் தண்ணீரில் சொய்யென்று முக்கினார். அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் அது வைத்தியம். கார்பைடுக்கு அது விஷம். முனையில் மயிரிழைபோல ஒரு கோடு. லேத்தில் வைத்ததும் முனை தனியே, தண்டு தனியே.

"தண்ணி கொஞ்சம் சில்லுன்னு இருந்துருச்சு" என்றார் மச்சான்.

வியாழக்கிழமை முழுவதும் நான் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். திருச்சியில் ஒரு கருவிக் கடைக்காரர் கொடுத்திருந்த விலைப்பட்டியல் புத்தகம். அப்போது புதிதாக வரத் தொடங்கியிருந்த இன்சர்ட் முறை அதில் இருந்தது. கார்பைடை வில்லைபோலத் தனியாகச் செய்து, எஃகு ஹோல்டர் ஒன்றின் நுனியில் வைத்துத் திருகிவிடுவது. ஒரு முனை தேய்ந்தால் திருப்பி அடுத்த முனை. தீட்ட வேண்டாம், தண்ணீரில் முக்கச் சந்தர்ப்பமே இல்லை. மச்சான் இருக்கும் பட்டறைக்கென்றே யாரோ யோசித்த மாதிரி இருந்தது.

ஆனால் தேர்வு செய்வது லேசில்லை. முக்கோண வில்லை கூர்மையானது, சின்ன லேத்துக்குச் சுகமாக வெட்டும். ஆனால் ஆறு முனைதான், அதுவும் மெல்லிய மூக்கு. மேடு பள்ளத்தில் முட்டினால் உடையும். சதுர வில்லைக்கு மூக்கு தடிமன், மேலே நான்கு கீழே நான்கு என எட்டு முனை. அடி தாங்கும், ஆனால் மிஷினுக்குப் பலம் வேண்டும். எங்கள் லேத்து நாகப்பட்டினத்தில் படகுப் பட்டறை ஏலத்தில் எடுத்தது. பலம் உண்டு, வேகம் கிடையாது. கடைசியில் சதுரம் என்று முடிவு செய்தேன். ஹோல்டரின் தண்டு, டூலைப் பிடித்து நிறுத்தும் எங்கள் டூல் போஸ்டுக்குள் நுழைய வேண்டுமே என்று பள்ளத்தை மூன்று முறை அளந்தேன். இருபது மில்லிமீட்டர். பிறகு கார்பைடின் ரகம். எஃகுக்கு ஒரு ரகம், அதன் டப்பாவில் நீலப் பட்டை. வார்ப்பிரும்புக்கு இன்னொன்று, அதில் சிவப்புப் பட்டை. ஷாப்ட் எஃகு. ஆகவே நீலம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று புத்தகத்தை அங்கேயே மூடிவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சாயங்காலம் வந்து பார்த்த மச்சான், "எந்தங்கச்சிக்கு மாப்ள பாக்கக்கூட இவ்ளோ நேரம் எடுக்கல. எடுத்திருக்கணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை அவரைத் திருச்சிக்கு அனுப்பினேன். போகும்போது துண்டுச்சீட்டில் ஏழு வரி எழுதிக் கொடுத்தேன். ஹோல்டர் ஒன்று, தண்டு இருபது, வலக்கை வெட்டு, சதுரம், மூக்கு வளைவு இவ்வளவு, வில்லை ஒன்று, நீலம். இரவு எட்டு மணி பஸ்ஸில் வந்தார். ஏழில் ஆறு வரி அச்சுப் பிசகாமல் வாங்கி வந்திருந்தார். ஏழாவது சிவப்பு.

சனிக்கிழமை காலை அதைப் பற்றி நாங்கள் பேசியதைக் கடைத்தெருவே கேட்டது. சீட்டில் நீலம் என்று எழுதியிருந்ததை அவர் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு யோசித்திருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அந்தம்மா செங்கொடிச் சங்கத்து ஆளு. அவங்க வேலைக்குப் போயி நீலத்த வாங்குறதான்னு பாத்தேன். ரெண்டும் ஒரே சதுரம், ஒரே அளவு. டப்பாதானே வேற."

"நீங்க வேற கட்சியாச்சே மச்சான். உங்களுக்கு எதுக்கு செவப்பு?"

"நம்ம கொடிலயும் பாதி செவப்புதான் மாப்ள. கறுப்பு இருக்கான்னுதான் மொதல்ல கேட்டேன். கறுப்புல வர்றதில்லன்னுட்டான்."

எங்கள் பக்கத்தில் அப்போது வேட்டிக் கரையிலிருந்து பந்தல் துணிவரை நிறம் பார்க்காமல் யாரும் எதையும் வாங்கியதில்லை. அறுவடைக்கு எந்தக் கொடிக்காரர்கள் அரிவாளோடு இறங்குவது என்று வயல் வரப்புகளில் சண்டை நடந்து, போலீஸ் காவலோடு நெல் அறுத்த வருஷங்கள் அவை. அந்த வழக்கத்தைத் திருச்சிக் கருவிக் கடைவரை கொண்டுபோனவர் எனக்குத் தெரிந்து என் மச்சான் ஒருவர்தான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மிராசுதார் வீட்டுக் காரியஸ்தர் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். அந்த வீட்டு நிலபுலன்களைக் கவனிக்கிறவர். மிகவும் மரியாதையான மனிதர். வண்டியில் ஒரு வார்ப்பிரும்புக் கப்பி. அரிசி மில்லில் பெல்ட் ஓட்ட வேண்டியது, வெளிவட்டத்தைக் கடைந்து சிறிதாக்க வேண்டும். மேசைமேல் இருந்த சிவப்பு டப்பாவைப் பார்த்தார். புது டூல் வந்திருக்கிறதாமே, நல்லதாயிற்று, எங்கள் வேலையை முதலில் முடித்துக் கொடுத்துவிடுங்கள் என்றார். குரலை உயர்த்தாமல், அந்த ஷாப்ட் ஒன்றும் அவசரமில்லையே, பதினேழாம் தேதிக்கு அப்புறம் அதற்கு வேலை இருக்குமா என்பதே சந்தேகம் என்றும் சொன்னார்.

என் நிலைமையைப் பாருங்கள். வார்ப்பிரும்புக்குச் சிவப்பு. புத்தகம் அதைத்தான் சொல்கிறது. கப்பிக்கு இந்த வில்லை அளவெடுத்துத் தைத்த சட்டை. ஷாப்டுக்கு நீலம் வேண்டும் என்றால், சனிக்கிழமை திருச்சிக் கடை அரை நாள்தான், இனிப் போய்ச் சேருவதற்குள் மூடிவிடுவார்கள், ஞாயிறு மூடல். திங்கள் போய் மாற்றிக்கொண்டு வந்து செவ்வாய் கடைந்தால், வியாழக்கிழமை ஆர்.ஐ. பார்ப்பது வெறும் சேறாகத்தான் இருக்கும். எட்டு முனையையும் எஃகில் உடைத்துவிட்டால் இரண்டு வேலையும் கெடும். கணக்காகப் பார்த்தால் கப்பியைப் போட்டுவிட்டு ஷாப்டுக்கு மன்னிப்புக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். அதைச் சொல்ல வாயும் எடுத்தேன்.

ஷாப்ட் என்ன ஆயிற்று என்று பார்க்க வந்த அந்த அம்மாள் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். காரியஸ்தருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"நீலம்னா நல்லா வெட்டும். செவப்புன்னா வெட்டவே வெட்டாதா, இல்ல சீக்கிரம் தேயுமா?"

"சீக்கிரம் தேயும்னு போட்டிருக்கு."

"எத்தினி முனை?"

"எட்டு."

"எட்டும் தேயட்டும். நாத்து முத்துனா எந்தக் கடைலயும் மாத்தித் தரமாட்டான்."

மச்சான் கப்பியை வண்டியிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறோம், முதலில் வந்தது முதலில், பட்டறை வழக்கம் அப்படி என்றார். அப்படியொரு வழக்கம் எங்கள் பட்டறையில் அன்று காலைவரை இருந்ததில்லை. காரியஸ்தர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஞாயிறு பதின்மூன்று காலை ஏழு மணிக்கு ஷாப்டை லேத்தின் பிடியான சக்கில் மாட்டினேன். அந்த அம்மாள் நாற்காலியை லேத்தருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் முனை வெட்டவில்லை, தேய்த்தது. கீச்சென்று ஓர் அழுகை, பிறகு டப்பென்று மூக்கு போயிற்று. குனிந்து பார்த்தால் முனை ஷாப்டின் நடுமட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. டூலின் நுனி சரியாக மையத்து உயரத்தில் நிற்க வேண்டும், இது லேத்தின் முதல் பாடம். மூன்று முறை அளந்த நான், பழைய டூலுக்கு அடியில் இத்தனை வருஷமாக ஒரு லாரி வில்லுப்பட்டைத் துண்டு முட்டுக்கொடுத்துக் கிடந்ததை மறந்துவிட்டேன். புது ஹோல்டரைப் பொருத்தும்போது, அழுக்குத் துண்டு என்று அதை நானே எடுத்து எறிந்திருக்கிறேன். திரும்பத் தேடி எடுத்து வைத்தால் அதிகம். எடுத்தால் குறைவு. இடையில் ஒரு மெல்லிய தகடு வேண்டும்.

மச்சான் உள்ளே போய், சென்ற தேர்தலுக்கு இரண்டு கட்சிக்கும் பட்டறையில் அடித்துக் கொடுத்த தகரச் சின்னங்களின் மிச்சத்தை எடுத்துவந்தார். அவர் கட்சிச் சின்னத்தில் ஒன்றை வெட்டி வைத்தோம். போதவில்லை. இரண்டு வைத்தாலும் மயிரிழை குறைந்தது. எதிர்க்கட்சிச் சின்னத் தகரம் கொஞ்சம் தடிமன். அதில் ஒன்றும் இதில் ஒன்றும் சேர்த்து வைத்ததும் முனை மையத்தில் வந்து நின்றது.

"இந்தக் கூட்டணியாவது அஞ்சு நாள் நிக்குமாண்ணே?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு திருகை இறுக்கினார்.

இரண்டாவது முனை அழகாக வெட்டத் தொடங்கியது. கார்பைடுக்கு வேகம் வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்ததால் லேத்தை அதன் முழு வேகத்தில் ஓட்டினேன். குறுவைக் காலம், சுற்றுவட்டாரத்து மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் இறைத்துக்கொண்டிருந்தது. மின்சாரத்தின் அழுத்தம் இறங்கிக்கொண்டே போயிற்று. பல்பு மஞ்சளாயிற்று, லேத்து முனகி, வெட்டிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. வெட்டு நடுவில் நின்றால் கார்பைடு பொறுக்காது. இரண்டாவது மூக்கும் போயிற்று. ஆறு பாக்கி.

அப்போது நான் புத்தகத்தை எடுக்கப் போனேன். மச்சான் அதை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பேக் கியர்ல போடுங்க மாப்ள."

பேக் கியர் என்றால் லேத்து மாட்டுவண்டி வேகத்தில் சுற்றும், ஆனால் இழுக்கும் பலம் பல மடங்கு. அந்த வேகத்தில் கார்பைடை ஓட்டுவது பட்டுப்புடவையில் தரை துடைப்பது மாதிரி என்று சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மாள், தரை சுத்தமானாச் சரி என்றார். போட்டேன். மூன்றாவது முனை. ஷாப்ட் மெல்லத் திரும்பியது. வெல்டிங் மேடு ஒவ்வொன்றும் முனையில் வந்து முட்டி டக், டக், டக் என்றது. ஒவ்வொரு முட்டலுக்கும் என் பல் கூசியது. அரை மணி. முனை அசையவில்லை. கருத்த சிறு சுருள்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன. அடியில் வெள்ளையாக இரும்பு தெரிந்தது. நடுவில் இரண்டு தடவை பல்பு மங்கியது. லேத்து பேக் கியரில் பெருமூச்சு விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த பக்கத்துத் தேய்மானத்துக்கு நான்காவது முனை. இரண்டு இடத்துக்கும் மெருகு வெட்டு ஐந்தாவது முனை. மாலை நான்கு பத்துக்கு மைக்ரோமீட்டரில் முப்பத்தைந்தும் அதற்கு மேல் நூறில் ஒரு பங்கும் காட்டியது. அந்த அம்மாள் வாங்கி வந்திருந்த புதுப் பேரிங்கை எண்ணெயில் காய்ச்சி மச்சான் இடுக்கியில் எடுத்து மாட்டினார். தட்ட வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்து, இறுகி, நின்றது. அந்த அம்மாள் சாக்கை விரித்தார். இந்தத் தடவை தலையில் இல்லை. மச்சான் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, அவரோடு பஸ் நிறுத்தம்வரை தள்ளிக்கொண்டு போனார்.

திங்கள் காலை ஆறேகாலுக்கு என்ஜின் ஓடியதாகச் செய்தி வந்தது. நேரத்தைக் கேட்டுவைக்கச் சொல்லி நான்தான் சொல்லியிருந்தேன்.

வியாழக்கிழமை, பதினேழு. பயிர் பார்வையை நானும் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். பதினைந்து மாவிலும் நாற்று நின்றது. நின்றது என்று சொல்வது கொஞ்சம் தாராளம். முதல் நாள் நட்டது, வெளுத்துப் போய் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கல்யாண வீட்டில் விடிய விடிய வேலை பார்த்தவர்கள்போல இருந்தது. வரப்பில் ஆர்.ஐ., கர்ணம், அந்த ஐந்து குடும்பத்தார், சற்றுத் தள்ளிக் குடையோடு காரியஸ்தர். மூலையில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் பயிரைப் பார்த்தார்கள். நான் பேரிங்கைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காரியஸ்தரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவர் தலை சாய்ந்திருந்த பக்கத்திலிருந்து தெரிந்தது.

நேற்று ஊன்றியது, நாளை நிற்குமா என்று யார் கண்டது, இதைப் பயிர் என்று எழுதலாமா என்று காரியஸ்தர் பணிவாகக் கேட்டார். கர்ணம் பேனாவைத் திறந்துவிட்டு ஆர்.ஐ.யைப் பார்த்தார். ஆர்.ஐ. அந்த அம்மாளைப் பார்த்தார்.

"தண்ணி எதும்மா? வாய்க்கால்ல சொட்டு இல்லியே."

"அந்தா ஓடுதுங்க."

ஆர்.ஐ. என்ஜின்வரை நடந்து போனார். குழாயில் கொட்டிய தண்ணீரில் கையைக் கழுவினார், முகத்தைக் கழுவினார், கைக்குட்டையால் துடைத்தார். அவ்வளவு நேரமும் பம்பு சீராக ஓடியது. எனக்கு மட்டும் அது கொஞ்சம் அதிகமாக இரைவதுபோல இருந்தது. திரும்பி வந்து, "குறுவை நெல், நடவு, இறைவைப் பாசனம்னு எழுதுங்க. பயிருக்கு வயசு எழுத அடங்கல்ல கலம் கிடையாது" என்றார். கர்ணம் எழுதினார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் போய்க் கர்ணத்தின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, தேதி சரி என்று தலையசைத்தேன். என்னை அங்கே வரச் சொன்னதே அதற்குத்தான்.

வீட்டுக்கு வந்து, மச்சான் இடுப்பிலிருந்து மீட்ட புத்தகத்தை எடுத்தேன். நான் மூடிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: இறுகிய மேல்தோல் உள்ள எஃகை மிகக் குறைந்த வேகத்தில், முட்டி முட்டிக் கடைய நேர்ந்தால் சிவப்பு ரகமே தாங்கும். நீலத்தை வாங்கி வந்திருந்தால் பேக் கியரில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு மூக்கு போயிருக்கலாம். கடைசி வரிவரை படிப்பவன் என்ற பெயர் அன்றோடு எனக்குள் முடிந்தது. இதை மச்சானிடம் நான் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

மறுநாள் பதினெட்டாம் பெருக்கு. ஆற்றில் புதுத் தண்ணீருக்குக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மாள் தூக்குச் சட்டியில் எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் கொண்டுவந்தார். மச்சான் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு முதலில் எடுத்து உண்டார். நான் லேத்தில் காரியஸ்தரின் கப்பியை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்த வில்லைல மிச்சம் இருக்கா?"

"மூணு முனை பாக்கி இருக்கும்மா."

"அந்த மூணும் இதுக்கா?"

ஆமாம் என்றேன். வார்ப்பிரும்புக்கு அதுதான் பொருத்தம் என்று விளக்கவும் தொடங்கினேன். அவர் காதில் வாங்கவில்லை. கப்பியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். அந்த வீட்டில் விருந்து நடந்தால் மிஞ்சியதைக் கொல்லைப்புறத்தில் நின்று வாங்கிப் போனவர்களின் தெருவிலிருந்து வந்தவர். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்ப எங்க ஷாப்டு போக மிச்சத்துலதான் அவுங்க கப்பி ஓடப்போவுது. எழுதிக்கிங்க தேதிக்காரரே."

எழுதினேன். ஆடி பதினெட்டு, வெள்ளிக்கிழமை. காலை பத்தே முக்கால். ஆறாவது முனை.